ஒரே அட்டவணை, இரண்டு தாராவி

(மும்பையின் செம்பூரில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் செம்பூரில்தான் 1948-இல் ராஜ் கபூர் ஆர்.கே. ஸ்டுடியோவைத் தொடங்கினார். 2017 செப்டம்பரில் அது தீப்பிடித்து எரிந்ததும், 2019-இல் கோத்ரெஜ் நிறுவனம் அந்த மனையை வாங்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஸ்டுடியோதான் போனது. சினிமா வேலை ஊரைவிட்டுப் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் மாலையானால் ஹார்பர் லைன் ரயிலேறி, கோரேகாவ்ன் பக்கம் நைட் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் ‘விஎஃப்எக்ஸ்’ என்பார்கள். அம்மாக்களுக்கு அது பிடிபடுவதில்லை. அக்கம்பக்கத்தில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லிவைக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு தலைவலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு ஷாட்டை முடித்து அனுப்புகிறான் பையன். நியூக் மென்பொருளில் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. விடிந்ததும், படத்துக்குக் கடைசியாக நிறம் பார்க்கும் டிஐ அறையிலிருந்து சேதி வருகிறது: “கறுப்பு வெளுத்திருக்கு, முகத்துல பச்சை அடிக்குது, உங்க ஆள் கலர்ல கை வெச்சிருக்கான்.” அவன் கை வைக்கவில்லை. “சார், நீங்க குடுத்த லட்டைத்தான் போட்டேன்” என்கிறான். டிஐ அறையில் இருப்பவரும் அதே லட்டைத்தான் போட்டிருக்கிறார். இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியிருக்க நிறம் எப்படி இரண்டானது?

லட் என்பது ஒரு நிற அட்டவணை. உள்ளே ஒரு நிறம் போனால் வெளியே எந்த நிறம் வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிவைத்தது. பிளஸ் டூ படித்தவர்களுக்கு லாக் டேபிள் புத்தகம் நினைவிருக்கும். பெருக்கலையும் வகுத்தலையும் மண்டையில் போட்டுக் குழப்பாமல் வரிசையைப் பார், எண்ணை எடு, எழுது. இரண்டு எண்களுக்கு நடுவில் விழுந்தால் வலது ஓரத்தில் ‘மீன் டிஃபரன்ஸ்’ கட்டம் இருக்கும், அதைப் பார்த்துக் கூட்டிக்கொள்வோம். நிற அட்டவணை செய்வதும் இதேதான், இந்த நடு எண் சமாச்சாரம் உட்பட. அந்தப் புத்தகத்தில் சைன் அட்டவணையும் உண்டு. நீங்கள் கொண்டுபோகும் கோணம் டிகிரியா ரேடியனா என்று அது உங்களைக் கேட்காது. தப்பான எண்ணோடு போனாலும் கூச்சமே இல்லாமல் ஒரு விடை தரும். தலைவலிக்குக் காரணம் இந்தக் கூச்சமின்மைதான்.

கோப்பைத் திறந்து பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். சினிமாவில் அதிகம் புழங்குவது ‘க்யூப்’ என்ற வகை. அதற்குத் தனி மென்பொருள் வேண்டாம், நோட்பேடிலேயே திறக்கும். மேலே ஒரு தலைப்பு இருக்கலாம். அதன் கீழே அட்டவணையின் அளவு, பெரும்பாலும் 33. சில கோப்புகளில் 0 முதல் 1 வரை என்று எல்லையும் எழுதியிருக்கும். அப்புறம் எல்லாம் எண்கள், வரிக்கு மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். 10 பிட் படத்தில் சாத்தியமான நிறங்கள் 107 கோடிக்கு மேல். அத்தனைக்கும் வரி எழுத யாராலும் ஆகாது. ஆகவே ஒவ்வொரு வண்ணத்துக்கும் 33 படி வைத்து, 33-ஐ மூன்று முறை பெருக்கி, 35,937 வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழுக்கப் படித்துப் பாருங்கள். ‘உள்ளே லாக் படம் வர வேண்டும், வெளியே ரெக் 709 டிவிக்கான படம் போகும்’ என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. விடைகள் எல்லாம் இருக்கின்றன, கேள்வி என்ன என்பது மட்டும் இல்லை. கேள்வியை ஒவ்வொரு மென்பொருளும் தானாக ஊகித்துக்கொள்கிறது. நியூக் ஒரு மாதிரி ஊகிக்கிறது, டிஐ அறையின் ரிசால்வ் இன்னொரு மாதிரி. இரண்டையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

பெரிய விபத்து லாக் - லீனியர் குழப்பத்தில் நடக்கிறது. நியூக் வேலை செய்வது லீனியரில், அதாவது வெளிச்சம் இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். கேமரா படத்தைப் பதிவதோ லாக்கில், இருட்டுக்கு அதிக இடம் ஒதுக்கி. ஒளிப்பதிவாளர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் 18 சதவீதச் சாம்பல் லீனியரில் 0.18. ஆரி கேமராவின் லாக்-சியில், 800 ஐஎஸ்ஓவில், அதே சாம்பல் 0.39. லாக்குக்காகத் தயாரித்த அட்டவணையில் பையன் லீனியர் படத்தை அப்படியே நுழைக்கிறான் என்று வையுங்கள். அட்டவணை 0.18-ஐப் பார்த்து, “ஓ, இது லாக் எண், 1.7 சதவீத வெளிச்சம்தான்” என்று முடிவு கட்டிவிடும். படம் மூன்று ஸ்டாப்புக்கு மேல் இருண்டுபோகும். அவ்வளவு இருண்டால் யாரும் கண்டுபிடித்துவிடலாம், நல்லது. கண்டுபிடித்த பிறகு அவசரத்தில் எக்ஸ்போஷரைத் தூக்கி ‘ஏறக்குறைய சரி’ ஆக்குகிறார்கள் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஏறக்குறையதான் மறுநாள் டிஐ அறையில் பச்சை அடிக்கிறது.

வரிசை மாறுவதும் உண்டு. க்யூப் கோப்பில் வரிக்கு வரி முதலில் நகர்வது சிவப்பு. ஃபிளேம், லஸ்டர் மென்பொருள்கள் பக்கத்திலிருந்து வந்த பழைய 3டிஎல் கோப்பில் முதலில் நகர்வது நீலம். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் தாராவிக் கூரைகள்மேல் போட்ட நீலத் தார்ப்பாய் ஆரஞ்சாகிவிடும். இதற்கு நான் பயப்படுவதில்லை, ஆபீஸ் பையன்கூடப் பார்த்துச் சிரிப்பான்.

நுணுக்கமாகக் கெடுப்பவை வேறு. 33 படிகளுக்கு நடுவில் விழும் நிறத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு முறை, சுற்றியிருக்கும் 8 மூலைகளையும் கலந்து எடுப்பது. இன்னொரு முறை, அந்தக் கட்டத்தை நான்முகிகளாக வெட்டி 4 மூலைகளை மட்டும் பார்ப்பது. இரண்டாவது முறையில் சுத்தமான சாம்பல் நிறம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் மூலைவிட்டத்தின் மேலேயே நடக்கும், அக்கம்பக்கத்து நிறம் அதில் ஒட்டாது. முதல் முறையில் பக்கத்து மூலைகளின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சிமென்டுச் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மழை மேகமுமாக நிறைந்த ஒரு மும்பை ஷாட்டை இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் சாம்பல், மற்றதில் லேசாக ஏதோ ஒரு சாயல் ஏறிய சாம்பல். ‘எங்கோ இடிக்குதே’ என்று கலரிஸ்ட் சொல்வார். எங்கே என்று அவரால் விரல் வைக்க முடியாது.

கறுப்பு வெளுப்பது இன்னொரு வகை. வீடியோ மரபில் 10 பிட் எண்களில் கறுப்பு 64-இல் தொடங்கும், வெள்ளை 940-இல் முடியும். கம்ப்யூட்டர் மரபில் 0 முதல் 1023 வரை. ஒரு மென்பொருள் 64-ஐக் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். மற்றது அதை 6 சதவீதச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். வெளுப்பைப் பார்த்த பையன் கறுப்பை இழுத்துச் சரிசெய்கிறான். அங்கே டிஐயில் மென்பொருளும் ஒருமுறை சரிசெய்கிறது. இரண்டு திருத்தமும் சேர்ந்து இரவுக் காட்சியில் சந்தே காணாமல் போகிறது.

அட்டவணையின் எல்லையைத் தாண்டும் நிறத்துக்கு உதாரணமாக மாட்டுங்கா பூக்கடைக்கு வருவோம், அங்கே கொஞ்சம் நிற்கலாம் என்று எனக்கு ஆசை. ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம் போகும் தெருவில் மல்லிகைக்குப் பக்கத்தில் கனகாம்பரச் சரம் கிடக்கும். மும்பையில் வேறெந்தப் பேட்டையிலும் இவ்வளவு கனகாம்பரத்தைப் பார்க்க முடியாது. மத்தியான வெயில் நேராக விழும்போது அந்தச் செம்மஞ்சளைக் கேமராவில் பிடித்து வையுங்கள். லீனியரில் அதன் எண்கள் சிவப்பு 1.8, பச்சை 0.6, நீலம் 0.1 என்று இருப்பதாகக் கொள்வோம். சிவப்பில் மூன்றில் ஒரு பங்கு பச்சை, கனகாம்பரம் கனகாம்பரமாகத் தெரிவதற்கு இந்த விகிதமே காரணம். அட்டவணையின் எல்லையோ 1. அதற்கு மேல் வருவதையெல்லாம் சில மென்பொருள்கள் வெட்டி 1 ஆக்கிவிடும். இப்போது சிவப்பு 1, பச்சை 0.6. விகிதம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, பூ மஞ்சள் பக்கம் சாய்ந்துவிட்டது. வேறு சில மென்பொருள்கள் அட்டவணைக்கு முன்னால் ‘ஷேப்பர்’ என்ற ஒற்றை வரிசை அட்டவணையை வைத்து, பெரிய எண்களைச் சுருக்கி உள்ளே அனுப்பும். அங்கே பூ பிழைத்துக்கொள்ளும். ரிசால்வ் எழுதும் க்யூப் கோப்பில் ஒரே கோப்புக்குள் இந்த ஒற்றை வரிசையும் இருக்கலாம், முப்பரிமாண அட்டவணையும் இருக்கலாம். அந்த மரபு தெரியாத இன்னொரு மென்பொருள் அதைத் திறந்தால் ‘கோப்பு பிழை’ என்று மறுப்பது உத்தமம். மறுக்காமல் ஒரு பாதியை மட்டும் படித்துக்கொண்டு படத்தைக் காட்டுவது எமன்.

இந்த அட்டவணைகளுக்கும் தாராவிக்கும் நேரடி உறவு ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கியதைக் கொண்டாடினோம். அதே 2009 மேடையில் ஒளிப்பதிவுக்கான விருதை ஆந்தனி டாட் மேன்டில் வாங்கினார். பெரும்பகுதியை டிஜிட்டலில் எடுத்து அந்த விருதைப் பெற்ற முதல் படம் அது. தாராவி, ஜுஹு சந்துகளில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட 35 எம்எம் கேமரா ஒத்துவராது என்று எஸ்ஐ-2கே என்ற சிறிய கேமராவைக் கொண்டுவந்தார்கள். கையில் லென்ஸோடு ஒரு தலைப்பகுதி, முதுகுப்பையில் ஒரு மடிக்கணினி. நம் ஊர் வெயிலில் கணினி சூடேறாமல் இருக்கப் பையில் உலர்பனி வைத்து ஓடினார்கள்.

அந்தக் கேமராவுக்குள்தான் நம் கதாநாயகன் இருந்தான். படம் எடுக்கும்போதே ஒரு நிற அட்டவணையைப் போட்டு மானிட்டரில் காட்டும் வசதி அதில் இருந்தது. செய்து தந்தது மியூனிக்கின் ஐரிடாஸ் நிறுவனம். ‘க்யூப்’ கோப்பு வடிவத்தை உலகுக்குத் தந்ததும் அவர்களே, பிறகு 2011-இல் அடோபி ஐரிடாஸை வாங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்த அட்டவணை படத்தின்மேல் ஏறிப் படியவில்லை. கேமரா கண்ட அசல் அப்படியே பதிவானது. ‘இதை இப்படிப் பார்க்கவும்’ என்ற குறிப்பாக அட்டவணை கூடவே போனது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இன்று படங்கள் கைமாறும் விதத்தைப் பார்க்கிறேன். அட்டவணையை மேலே ஏற்றிச் சுட்டு, குறிப்பைத் தொலைத்துவிட்டு, “இதுதான் ஒரிஜினல் ப்ளேட்” என்று அனுப்புகிறார்கள். அதன்மேல் பையன் மறுபடியும் ஒரு லட்டைப் போடுகிறான். தப்பு யாருடையது என்று கேட்டால் அறையில் இருப்பவர்களிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவனுடையது என்று தீர்ப்பாகிறது.

“கொஞ்சம் நிறம் மாறினால் என்ன சார், குடியா முழுகிவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. தாராவிக்காரர்களிடம் இதைக் கேட்க முடியாது. நம் கண்முன் இருக்கும் தாராவி, சினிமாவில் பலமுறை சென்னையில் பிறந்திருக்கிறது. 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்துக்குத் தோட்டா தரணி அங்கே செட் போட்டார், பி.சி. ஸ்ரீராம் ஒளியமைத்தார், இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. 2018-இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’வுக்கும் சென்னைக்கு வெளியே பெரிய தாராவி எழுந்தது, கொஞ்சம் இங்கேயும் எடுத்தார்கள். இப்படிப்பட்ட படத்தில் சென்னைச் செட்டும் மும்பைத் தெருவும் ஒரே சந்துபோல ஒட்ட வேண்டும். பின்னணியில் கம்ப்யூட்டரில் நீட்டிய கூரைகளும் சேர வேண்டும். மூன்றும் ஒரே நிறக் கணக்கில் வராவிட்டால் தையல் தெரிந்துவிடும்.

அது தொழில்நுட்பக் கவலை. அதைவிடப் பெரிய கவலையும் உண்டு. காலாவின் இறுதிக் காட்சியில் திரை முழுக்கக் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறக்கும். அந்த மூன்று நிறமும் எதற்கு வந்தன என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 14 அன்று தாராவித் தெருக்களில் பறக்கும் கொடியின் நீலம் அது. இனி நிறக் கணக்குக்கு வாருங்கள். ரொம்ப அடர்ந்த நீலம்தான் இந்த அட்டவணைகளிடம் முதலில் மாட்டுவது, அது ஊதாவுக்குச் சாயும். ஆஸ்கர் அகாடமி வகுத்த ஏசஸ் என்ற நிற முறையின் முதல் தலைமுறையிலேயே நீல எல்இடி விளக்குகள் ஊதாவாகித் தொல்லை கொடுத்து, அதற்கென்று தனித் திருத்தம் ஒன்று போட வேண்டியிருந்தது. காலாவில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, திரையில் நீலம் நீலமாகத்தான் வந்தது. ஆனால் எங்கோ ஒரு மென்பொருளில் அட்டவணை பிசகி அந்தப் பொடி கத்திரிப்பூ நிறத்தில் பறந்திருந்தால் காட்சியின் அரசியலே தொலைந்திருக்கும். விமர்சகர்கள் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய ஆட்கள், “ஃபிலிம் காலத்தில் இந்த வம்பெல்லாம் இல்லை” என்பார்கள். இருந்தது. லேபில் நிறம் பார்ப்பவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளுக்கு 1 முதல் 50 வரை எண் கொடுப்பார். சென்னை லேபின் 28 மும்பை தார்தேவ் லேபின் 28 ஆகாது. விளக்கு வேறு, ரசாயனம் வேறு, தண்ணீரே வேறு. ஆனால் அன்று அது எல்லோருக்கும் தெரியும். எண்ணைக் கொண்டுபோய் இன்னொரு லேபில் கொடுத்துவிட்டுப் ‘போட்டுடுங்க’ என்று யாரும் சொல்லவில்லை. பிரின்டை ஓட்டிப் பார்த்தார்கள். டிஜிட்டல் வந்ததும், எண் என்றால் எங்கும் ஒன்றுதானே என்ற தைரியம் வந்துவிட்டது.

தீர்க்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். சோனி இமேஜ்வொர்க்ஸில் ஜெரமி செலன் முன்நின்று உருவாக்கிய ஓப்பன்கலர்ஐஓ, 2010-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிடப்பட்டது. அதே இமேஜ்வொர்க்ஸ் 2007-இல் சென்னையின் ஃப்ரேம்ஃப்ளோ நிறுவனத்தை வாங்கிக் கொஞ்ச காலம் அங்கேயும் கடை விரித்திருந்தது. ஓப்பன்கலர்ஐஓவின் யோசனை எளிது: ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு ஊகிக்க வேண்டாம், எந்தப் படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்று ஒரே கட்டளைக் கோப்பில் எழுதி எல்லோருக்கும் கொடு. வேடிக்கை, அதிலும் முதல் பதிப்பில் ஒரு பிசகு இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் திரையில் காட்டும்போது கணக்கைச் சுருக்கி ஒரு கன அட்டவணையாக்கிக் காட்டும். ரெண்டர் செய்யும்போது பிராசசரில் முழுக் கணக்கையும் போடும். பையன் கண்ணால் பார்த்ததும் கோப்பில் விழுந்ததும் மயிரிழை வேறாக இருந்தன. 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதை நேர்செய்தார்கள். சிஎல்எஃப் என்று இன்னொரு கோப்பு வடிவமும் இருக்கிறது. உள்ளே என்ன வர வேண்டும், வெளியே என்ன போகும், நடு எண்ணை எந்த முறையில் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதிலேயே எழுதலாம். இத்தனை நேரம் நான் புலம்பியதற்கெல்லாம் அது மருந்து. மெயிலில் வந்து விழுவது என்னவோ இன்னும் ‘ஃபைனல் நியூ 2’ என்ற பெயரில் க்யூப் கோப்புதான்.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சண்டைக்குப் போவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்துவிடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு சாம்பல் பட்டை, பக்கத்தில் நிறப் பட்டைகள், அதோடு 1-க்கு மேல் போகும் ஒரு வெளிச்சப் பட்டை. இரண்டு மென்பொருளிலும் அதே லட்டைப் போட்டு எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சத்தை நூறால் பெருக்குங்கள். கறுப்போரத்திலும் வெள்ளையோரத்திலும் வித்தியாசம் பெரிதாகி நடுவில் குறைந்தால் 64 - 940 கணக்கில் பிசகு. வெளிச்சத்தில் மட்டும் எரிந்தால் எல்லை வெட்டுப்பட்டிருக்கிறது. பட்டை நெடுக மெல்லிய அலை அலையாக வந்தால் நடு எண் எடுக்கும் முறை வேறு. முழுக்கக் கன்னாபின்னா என்றால் லாக்கும் லீனியரும் மாறிக் கிடக்கின்றன. அந்தப் படத்தை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். “அண்ணே, நான் தொடல” என்று சொல்வதைவிட அது நன்றாகப் பேசும். லட்டைக் கொடுப்பவரிடம், அது போட்ட பிறகு படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு ஃப்ரேமையும் கூடவே கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கேளுங்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார்: “அப்படியென்றால் நான் போனில் பார்க்கிற படத்தின் நிறம் சரியா?” உங்கள் போன் அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைத் தானே மாற்றிக்கொள்ளும் ரகமாக இருக்கலாம். இரவானால் மஞ்சள் ஏற்றும். ‘விவிட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போட்டே விற்றிருப்பார்கள். நீங்கள் பார்த்து ரசிப்பதற்கு அது போதும். ஆனால் வாட்ஸப்பில் போன ஷாட்டை ஒரு தயாரிப்பாளர் காரில் போய்க்கொண்டே அந்த மாதிரி போனில் பார்த்து, “நைட் எஃபெக்ட் பத்தல, இன்னும் ப்ளூ ஏத்துப்பா” என்று சொல்கிறார் பாருங்கள், அதற்கு இன்னும் யாரும் லட் எழுதவில்லை. அடுத்த சீட்டைக் கொடுங்கள்.